தெளிக்கச் சொன்ன இடம்

மலைப்பாதை வளைவில் புதுத்தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்வையிடப் பெரிய என்ஜினீயர் வந்துவிட்டார்.

பழைய ரோட்டின்மேல் ஒட்டுத்தார் தெளித்தால்தான் மேலே போடுவது பிடிக்கும். தெளிப்பது சடையம்மாவும் அவளோடு கூலி வேலை பார்க்கும் ஏழு பேரும். செலவை மிச்சம் பிடிக்க, வளைவில் தெளிக்க வேண்டாம் என்று தடுத்தவர் கான்ட்ராக்டர் பொன்னரசு. "வாயைத் திறந்தா உங்க எட்டுப் பேருக்கும் வேலை கிடையாது" என்று காலையிலேயே மிரட்டியிருந்தார்.

"ஒழுங்கா தெளிச்சியாம்மா?" என்று கேட்டார் என்ஜினீயர்.

பொன்னரசு முறைத்தார். சடையம்மா கைகூப்பினாள்.

"தெளிக்கச் சொன்ன இடமெல்லாம் தெளிச்சேனுங்க. எங்க முதலாளி போட்ட ரோடு எதுக்கும் அசையாதுங்க. வேணும்னா அவரோட ஜல்லி லாரியையே வளைவுல பிரேக் போடச் சொல்லிப் பாருங்க."

"லாரி ரிப்பேருங்க சார்" என்றார் பொன்னரசு அவசரமாக. அந்த லாரியோ பாரத்தோடு அப்போதுதான் மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. என்ஜினீயர் கைகாட்டினார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். புதுத்தார் பாய் சுருள்வதுபோல் நகர்ந்து மடிந்தது. அடியில் பழைய ரோடு வெறும் புழுதியோடு கிடந்தது.

"தெளிச்சேன்னு சொன்னியே?" என்றார் என்ஜினீயர்.

"சொன்ன இடத்துல தெளிச்சேனுங்க. சொல்லாத இடத்தை நீங்க கேக்கலீங்களே."

என்ஜினீயர் அவள் பின்னால் நின்ற ஏழு பேரையும் பார்த்துவிட்டு, பொன்னரசு பக்கம் திரும்பினார். "வளைவு முழுக்கப் பெயர்த்துட்டுப் புதுசாப் போடுங்க. தெளிக்கறதுக்கு இந்த எட்டுப் பேருதான் வரணும்."