ஸ்டே வாங்கப் போன அண்ணாச்சி

தங்கப்பழம் அண்ணாச்சி தூத்துக்குடியில் பருப்பு வியாபாரி. வயது அறுபது. அவருடைய குரு சிவகாமி அம்மாவுக்கு நாற்பதுதான். கோபம் வந்தால் அண்ணாச்சி கோர்ட்டுக்குப் போவார். போகிற வழியில் அம்மாவின் மடத்திலும் தலையைக் காட்டுவார்.

அன்றும் காட்டினார்.

"ரங்கூன்காரன் துவரை அனுப்பியிருக்காம்மா. வண்டு விழுந்த சரக்குன்னு ஒரு புரோக்கர் போன்ல சொல்லுதான். அவனுக்குப் பணம் கொடுக்காதீங்கன்னா பேங்க் மேனேஜர் கேக்க மாட்டேங்காரு."

"ஏனாம்?"

"எனக்காக பேங்க் அவனுக்கு எல்.சி.ன்னு உத்தரவாதக் கடுதாசி கொடுத்திருக்கு. கப்பல் காகிதமெல்லாம் சொன்னபடி வந்துட்டா பணத்தைக் கொடுத்தே ஆகணுமாம். சரக்கு சொத்தையான்னு பாக்கிறது அவங்க வேலை இல்லையாம். பேங்க் பணம் கொடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல ஸ்டே வாங்கப் போறேன். பணம் போயிட்டா என் கடை நிக்காதும்மா."

"துவரையைப் பாத்தீங்களா?"

"கப்பலே இன்னும் வரலியே."

அம்மா ஒரு சாப்பாட்டு டோக்கனை நீட்டினாள். "முதல்ல சாப்பிடுங்க அண்ணாச்சி."

பந்தியில் உட்கார்ந்தார். பரிமாறும் பிச்சையா சோற்று வாளியோடு வந்தார். எதிர் இலையிலிருந்து ஒருவன் எழுந்து கத்தினான்.

"அவருக்குப் போடாதீங்க! பருப்புல கல்லு கலந்து விக்கிற ஆளு!"

அண்ணாச்சி என்ன வேண்டுமானாலும் செய்வார், கல் கலக்க மாட்டார்.

பிச்சையா டோக்கனை வாங்கிப் பார்த்தார். "டோக்கன் சரியா இருக்கு, மத்தது என் வேலை இல்ல" என்று சோற்றைப் போட்டார். சாம்பாரை ஊற்றினார்.

"எலேய்!" என்றார் அண்ணாச்சி. "என் மேல பிராது இருந்தா கடைக்கு வந்து கேளு. இல்ல, கேஸ் போடு. என் சோத்துல ஏன்ல கை வைக்கே?"

அவன் பல்லைக் காட்டினான். "அம்மாதான் இப்படிச் சொல்லச் சொன்னாங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி அம்மாவைப் பார்த்தார். பக்கத்து இலையில் அம்மா அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார். சாம்பாரும் அன்று நன்றாகவே இருந்தது.

பாதிச் சோற்றில் மறுபடி கவலை வந்தது.

"துவரை நெசமாவே சொத்தையா இருந்தா?"

"ரங்கூன்காரன் மேல கேஸ் போடுங்க. நானும் கூட வாரேன்."

"அப்போ இந்த ஸ்டே?"

கேட்டுவிட்டு, இலைக்குக் குறுக்கே கையை வைத்தபடி யோசனையில் ஆழ்ந்தார். பிச்சையா கரண்டியோடு காத்து நின்றார்.

அம்மா சொன்னாள்: "ரசம் வந்திருக்கு. கையை எடுங்க, அண்ணாச்சி."