நனைந்த பேண்ட்டும் முப்பத்தெட்டு பதில் மனுவும்

மாநகராட்சிச் சட்டப் பிரிவில் இருபது வருடமாகப் பதில் மனு எழுதுகிறவர் தணிகாசலம். ஊரில் யாராவது மாநகராட்சி மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், அப்படியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அதில் அவரை அடிக்க ஆளில்லை.

சட்ட அலுவலர் சுகிர்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கம்ப்யூட்டர் பழக்கிவிட்ட நாளிலிருந்து தணிகாசலம் அவரைக் ‘குருவே’ என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்காகச் சொன்னது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

புது ஆணையர் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்திருந்தார். மனுவை ஊட்டினால் இரண்டு நிமிடத்தில் பதிலைத் துப்பும். கூடவே சுவரில் ஒரு திரை. யார் பெயரில் எத்தனை வழக்கு கிடக்கிறது என்று அது சிவப்பில் காட்டும். தணிகாசலத்துக்கு நேரே முப்பத்தெட்டு. அடுத்த வெள்ளிக்குள் பாதியாவது குறையாவிட்டால் மெமோ என்று சொல்லிவிட்டார்கள்.

இத்தனை வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர். அன்று மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து முப்பத்தெட்டு மனுவையும் மிஷினுக்குள் போட்டார். மதியத்துக்குள் கட்டோடு சுகிர்தாவின் மேஜைக்கு வந்துவிட்டார்.

“ஒப்புதல் போட்டுடுங்க குருவே. கோர்ட்டுக்கு அனுப்பிடலாம்.”

சுகிர்தா மேலே இருந்ததை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

“செங்கழுநீர்த் தெருவில் மழைநீர் தேங்குவதாக மனுதாரர் கூறுவது முற்றிலும் மறுக்கப்படுகிறது.”

படித்துவிட்டு நிமிர்ந்தார். தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். ஐப்பசி மழை. பேண்ட் முழங்கால்வரை நனைந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“காலையில எந்தப் பக்கமா வந்தீங்க?”

தணிகாசலமும் குனிந்து பார்த்தார்.

“செங்கழுநீர்த் தெரு வழியாத்தான்.”

அவருக்கு மானமே போய்விட்டது.

“நான் எழுதலை குருவே. மிஷின் எழுதினது.”

“அது யாரைப் பார்த்துக் கத்துக்கிச்சு?”

மிஷினைப் பழக்குவதற்காகப் பழைய பதில் மனுக்களை ஸ்கேன் செய்யக் கட்டுக்கட்டாகத் தூக்கிப்போனதே தணிகாசலம்தான். முக்கால்வாசி அவர் எழுதியவை. கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார்.

“அப்போ வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்றது? நானா எழுதினா ஒண்ணுக்கு ஒரு நாள் ஆகுமே.”

சுகிர்தா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அதே மென்பொருளில் ஏதோ ஒரு வரி தட்டினார். என்னவென்று தணிகாசலத்துக்குத் தெரியவில்லை. சற்று நேரத்தில் திரையில் ஒரு பட்டியல் வந்தது. முப்பத்தெட்டில் இருபத்தொரு மனு செங்கழுநீர்த் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருந்து வந்தவை. இருபத்தொன்றும் கேட்டது ஒன்றைத்தான். தெருமுனைச் சிறுபாலம் வழியாகத் தண்ணீர் வடிய வேண்டும்.

சுகிர்தா பகுதிப் பொறியாளருக்குப் போன் போட்டார்.

“செங்கழுநீர்த் தெருச் சிறுபாலத்துக்கு அடியில என்ன அடைச்சிருக்குன்னு கொஞ்சம் போய்ப் பாருங்க சார்.”

கேபிள் பதித்தவர்கள் விட்டுப்போன மண்மூட்டைகள் அடைத்திருந்தன. எடுத்துப் போட இரண்டு நாள் பிடித்தது. வியாழக்கிழமையும் நல்ல மழைதான். தணிகாசலம் அதே வழியாகத்தான் வந்தார். பேண்ட் நனையவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே செங்கழுநீர்த் தெருக்காரர்களின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. இருபத்தொரு மனுவையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்களாம்.

மதியம் திரையில் தணிகாசலத்துக்கு நேரே பதினேழு என்று இருந்தது. ஆணையர் பார்த்தார், “பரவாயில்லையே” என்றார், அடுத்த பெயருக்குப் போய்விட்டார். தணிகாசலத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அன்று டிபன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நேரே சுகிர்தாவிடம் வந்தார்.

“அதே மிஷின்தானே குருவே? என்கிட்ட இருபத்தொரு பொய் சொல்லிச்சு. உங்ககிட்ட இருபத்தொரு கேஸையே இல்லாம பண்ணிடுச்சு. அன்னிக்கு அப்படி என்னதான் தட்டினீங்க?”

சுகிர்தா மிச்சமிருந்த பதினேழு மனுக்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க அதைப் பதில் எழுதச் சொன்னீங்க. நான் மனுவைப் படிக்கச் சொன்னேன்.”