ஐந்துக்கு நாலரை

அலையாத்திக் காடு கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்திட்டு. அங்கே செம்பி என்ற சங்கு நண்டு தன் கணவன் கோலப்பனோடு வாழ்ந்து வந்தது.

சங்கு நண்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அதன் வீரமெல்லாம் முன்பக்கம்தான். கொடுக்கு, கால், முறைப்பு எல்லாம் அங்கே இருக்கும். பின்பக்கமோ வெறும் சதை. லேசாக உரசினாலே கன்றிப்போகும். அதனால் செத்த நத்தையின் காலி ஓட்டுக்குள் பின்பக்கத்தை நுழைத்துக்கொண்டு, வீட்டை முதுகில் சுமந்தபடியே காலம் தள்ளும். உடம்பு பெருத்து ஓடு இறுக்கினால் வேறு ஓட்டுக்கு மாறும். இறுக்காவிட்டால் மாறாது. அந்தத் திட்டில் வெகுகாலம் அப்படித்தான் நடந்து வந்தது.

செம்பியின் ஓடு சாம்பல் நிறம். நல்ல கனம். விளிம்பில் ஒரு மூலை உடைந்திருந்தது. பார்க்க லட்சணம் போதாதுதான். ஆனால் உள்ளே போய்க் கொடுக்கை வாசலில் வைத்து அடைத்துக்கொண்டால், வெளியே புயல் அடிப்பதுகூடத் தெரியாது. இப்போது செம்பியின் வயிற்றோடு ஒரு கொத்து முட்டை வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. பௌர்ணமியன்று கடல் ஏறும்போது அவற்றைத் தண்ணீரில் விட வேண்டும். அதுவரை பத்திரமாக வைத்திருந்தால் போதும். செம்பிக்கு வேறு கவலை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சிங்காரம் என்ற காக்கை திட்டுக்கு வந்து சேர்ந்தது.

சிங்காரம் அதுவரை படகுத்துறை டீக்கடைக் கூரையில் குடியிருந்தது. பஜ்ஜித் துணுக்குக்காகக் காத்திருந்த நேரத்தில், கீழே பையன்கள் ஓயாமல் செல்போன் பார்ப்பதைக் கவனித்தது. போனுக்குள் ஒருவர் பெட்டியைப் பிரிப்பார். உள்ளிருந்து இன்னொரு போனை எடுப்பார். திருப்பித் திருப்பிக் காட்டி மதிப்பெண் போடுவார். பார்த்து முடித்த பையன்கள், தங்கள் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போனை வதங்கிய கத்தரிக்காயைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சிங்காரத்துக்கு விஷயம் புரிந்துபோயிற்று. பொருளைச் செய்யத் தெரிய வேண்டாம். விற்கக்கூட வேண்டாம். கூசாமல் கருத்துச் சொன்னால் போதும், கூட்டம் தானாக வரும்!

திட்டின் நடுவே பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் சிங்காரம் அதன் புடைத்த வேரில் ஏறிக்கொண்டது.

“வணக்கம் மக்களே! நான் உங்க சிங்காரம்! இன்னிக்கு நாம பார்க்கப் போறது புத்தம் புது வரவு! வாங்க, நேரா விஷயத்துக்குப் போயிடலாம்!”

காலடியில் வெள்ளை வெளேரென்று ஓர் ஓடு இருந்தது. சிங்காரம் அதை அலகால் தட்டியது. ‘டொக்!’

“எடை? இருக்கிறதே தெரியாது! சுவர்? வெங்காயத் தோல்தான்! உள்ளே உட்கார்ந்தே வெயிலைப் பார்க்கலாம்! என்னோட மதிப்பெண், ஐந்துக்கு நாலரை! பிடிச்சிருந்தா கொடுக்கைத் தூக்கிக் காட்டுங்க! பக்கத்து வளையிலயும் சொல்லிடுங்க!”

திட்டு முழுக்கக் கொடுக்குகள் உயர்ந்தன. முழு ஐந்தும் கொடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் சிங்காரம் டீக்கடையில் கற்றதுதான்.

அப்புறம் சிங்காரம் தடித்த பழுப்பு ஓடு ஒன்றை எடுத்தது. ‘டொக்! டொக்! டொக்!’

“ஐந்துக்கு ஒண்ணு. பழைய காலத்துச் சரக்கு. இதை இன்னும் யாராவது மாட்டறாங்களா என்ன?”

மாட்டியிருந்தவர்கள் தலை குனிந்தார்கள்.

அன்றிலிருந்து திட்டில் வேறு பேச்சே இல்லை. முன்பெல்லாம் நண்டுகள் பார்த்துக்கொண்டால் இரை கிடைத்ததா என்று கேட்கும். இப்போது, “உன்னுது எத்தனை மார்க்?” என்று கேட்டன. ஓடு இறுக்கியவர்களும் மாறினார்கள், இறுக்காதவர்களும் மாறினார்கள். சங்கு நண்டுகள் ஓடு மாற்றுவதே ஒரு வேடிக்கை. பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று வரிசை கட்டும். முதல் நண்டு புது ஓட்டுக்குள் தாவியதும், அது விட்ட ஓட்டில் இரண்டாவது புகும். இரண்டாவது விட்டதில் மூன்றாவது. அந்த ஒரு நொடி வரிசை முழுக்க அம்மணமாக நிற்கும். எப்போதாவது நடந்த இந்தக் கூத்து இப்போது தண்ணீர் வடியும்போதெல்லாம் நடந்தது.

பக்கத்து வளை மினுக்கிதான் எல்லோருக்கும் முன்னோடி. மெல்லிய ரோஜாநிறக் கோடு போட்ட ஓடு ஒன்றை மாட்டிக்கொண்டு செம்பியின் வாசலில் வந்து நின்றது.

“ஏன் அக்கா, இன்னுமா அந்த அம்மிக்கல்லைச் சுமக்கறீங்க? இதைப் பாருங்க, நாலரை!”

“அழகாத்தான் இருக்கு. அலை அடிச்சா தாங்குமா மினுக்கி?”

“அதெல்லாம் யார் அக்கா பார்க்கறா!”

இரண்டு நாள் கழித்து மினுக்கியைக் காணவில்லை. அதற்கு முன்பும் சிலரைக் காணவில்லை. செம்பிக்கு மனசு கேட்கவில்லை. நேரே மரத்தடிக்குப் போயிற்று.

“சிங்காரம் அண்ணே! புது ஓடு மாட்டினவங்கள்ல பாதிப் பேரைக் காணோமே?”

“வேற கரைக்குப் போயிருப்பாங்க! எடை இல்லாத ஓடு, கால் போற போக்குல போயிடுது!” என்றது காக்கை. “ஒண்ணு கேட்கறேன், சொல்லு. இதுவரை என்கிட்ட வாங்கின ஒருத்தராவது குறை சொல்லித் திரும்பி வந்ததுண்டா?”

“இல்லை.”

“பார்த்தியா! அவ்வளவு திருப்தி!”

கூட்டம் கொடுக்கைத் தூக்கியது.

“அது சரி அண்ணே. அலை அடிச்சா இந்த ஓடு தாங்குமா?”

“அருமையான கேள்வி! இதைப் பத்தித் தனியாவே ஒரு நாள் பேசுவோம்!”

அந்த நாள் வரவே இல்லை.

வீட்டில் கோலப்பனின் தொல்லை வேறு. அதுவும் வெள்ளை ஓட்டுக்கு மாறியிருந்தது.

“ஊரே மாறிடுச்சு செம்பி! நீ மட்டும் இப்படித் திரிஞ்சா எப்படி? உன்கூடச் சேர்ந்து நடக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு!”

“வயித்துல முட்டையை வெச்சுக்கிட்டு நான் எப்படிங்க வெளியே வர்றது?”

“ஒரு நொடி வேலை! சிங்காரம்தான் சொல்லுதே!”

செம்பிக்கு அழுகை வந்தது. கணவனுக்கே தன்னைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது என்றால், ஓட்டில் குறையா, தன்னிடம் குறையா? ஒரு நொடிதானே, மாறிவிட்டால்தான் என்ன? இப்படியே நினைத்து நினைத்து, பௌர்ணமி நாள் வந்தபோது செம்பி பாதி மனதோடு மரத்தடிக்குப் போனது.

அன்றைக்குச் சிங்காரத்தின் காலடியில் பளபளவென்று ஒரு கிண்ணம் இருந்தது. படகில் வந்து சாப்பிட்டுப் போனவர்கள் எறிந்துவிட்டுப் போன சட்னிக் கிண்ணம். பிளாஸ்டிக். அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் தெரிந்தது.

“மக்களே! உலகத்துலயே முதல் தடவை! நத்தையே இல்லாம செஞ்ச ஓடு! உள்ளே இருக்கிறவங்க அழகு அப்படியே வெளியே தெரியும்! மதிப்பெண்? ஐந்துக்கு நாலே முக்கால்!” சிங்காரம் கழுத்தைச் சாய்த்துச் செம்பியைப் பார்த்தது. “இதுக்குப் பொருந்துற உடம்பு இங்கே ஒண்ணுதான். வா செம்பி!”

“செம்பி! செம்பி!” என்று கூட்டம் கத்தியது. இத்தனை பேர் தன் பேரைச் சொல்லி அது கேட்டதே இல்லை. ஓட்டிலிருந்து மெல்ல உடம்பைத் தளர்த்தியது. முட்டைகளில் காற்று பட்டதும் சிலிர்த்துப்போய் நின்றது.

“அண்ணே, கழற்றிப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. என் பழைய ஓட்டுக்கும் ஒரு மார்க் போடுங்களேன்!”

“இதுக்கா? சரி, உனக்காக!”

செம்பி உள்ளே போய் அடைத்துக்கொண்டது. சிங்காரம் இறங்கி வந்து ஓங்கி ஒரு தட்டு தட்டியது. ‘ணங்!’ காக்கையின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அலகை மரத்தில் தேய்த்துக்கொண்டே கத்தியது. “ஐந்துக்கு அரை! அரைகூட அதிகம்!”

செம்பி வெளியே தலையை நீட்டியது. காக்கை அலகு தேய்த்த வேரிடுக்கில் ஓட்டுத் துண்டுகள் குவிந்து கிடந்தன. எல்லாம் வெள்ளை. நடுவே ரோஜாநிறக் கோடு போட்ட ஒரு சில்லு.

செம்பிக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு தட்டில் உடைவதற்கு நாலரை. மூன்று தட்டு தட்ட வேண்டியதற்கு ஒன்று. அலகையே நோகடிப்பதற்கு அரை!

“நீங்க எங்களுக்கு மார்க் போடலை!” என்று செம்பி கத்தியது. “உங்க அலகுக்குப் போடறீங்க! ஐயோ, மினுக்கியோட ஓடு அங்கே கிடக்கு, எல்லாரும் வந்து பாருங்க!”

யாரும் போய்ப் பார்க்கவில்லை.

“எதைக் கொண்டு வந்தாலும் குறை சொல்ல நாலு பேர் இருக்கத்தான் செய்வாங்க மக்களே,” என்றது சிங்காரம் குரல் உயர்த்தாமல். “பொறாமை. நாம கண்டுக்க வேண்டாம்.”

“மானத்தை வாங்கறியே!” என்று கோலப்பன் பாய்ந்து வந்தது. “நீ போகலேன்னா நான் போறேன்!”

சொன்ன சூட்டில் தன் ஓட்டைவிட்டு வெளியே குதித்துக் கிண்ணத்தை நோக்கி ஓடியது. பின்னால் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? கோலப்பன் விட்ட ஓட்டுக்குள் அடுத்தது புகுந்தது. அது விட்டதில் அதற்கடுத்தது. கோலப்பன் கிண்ணத்துக்குள் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தது. கிண்ணம் பெரிது. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பழைய ஓடும் போயிருந்தது.

நடுத்திட்டில், பட்டப்பகலில், கோலப்பன் அம்மணமாக நின்றது. சிங்காரம் சிறகை விரித்து இறங்கியது.

“செம்பி!” என்று அலறியது கோலப்பன்.

செம்பி யோசிக்கவில்லை. காக்கையின் கால் மண்ணில் பட்ட நேரம் பார்த்து விரலைக் கொடுக்கால் கவ்வியது. கவ்வியபடியே ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. சிங்காரம் படபடவென்று அடித்துக்கொண்டது. எழும்ப முடியவில்லை. அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு எந்தக் காக்கையால் பறக்க முடியும்? கோலப்பன் வேரடிக்கு ஓடி, அங்கே யாரும் சீண்டாமல் கிடந்த பழுப்பு ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டது.

கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் காக்கையின் முட்டி வரை வந்தது. வயிறு வரை வந்தது.

“விடு செம்பி! மூழ்கிடுவேன்!”

“முதல்ல சொல்லுங்க. ஓடு ஏன் மெல்லிசா இருக்கணும்?”

“ஒரே கொத்துல உடையணும்ல! விடு!”

“என் ஓட்டுக்கு எத்தனை மார்க்?”

“ஐந்துக்கு ஐந்து! நல்ல ஓடு! உலகத்துலயே நல்ல ஓடு!”

“சத்தமா!”

“ஐந்துக்கு ஐந்து!” என்று சிங்காரம் காடே அதிரக் கரைந்தது.

செம்பி கொடுக்கைத் திறந்தது. காக்கை நொண்டிக்கொண்டே பறந்து டீக்கடைக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இன்னொரு போன் வெளியாகியிருந்தது.

செம்பி தண்ணீருக்குள் நடந்தது. பேரலை ஒன்று வந்து ஓட்டின் மேல் உடைந்து போனது. ஓடு அசையவில்லை. அலை திரும்பும் நேரத்தில் செம்பி உடம்பைக் குலுக்கி முட்டைகளைக் கடலில் விட்டது. அவை பொடிப்பொடியாகப் பிரிந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் சந்தோஷத்தை அளக்க எந்த மதிப்பெண்ணும் போதாது.

மறுநாள் காலை வாசலில் ஏதோ சலசலப்பு. செம்பி எட்டிப் பார்த்தது. திட்டு நண்டுகள் அத்தனையும் பெரியது முன்னால், சிறியது பின்னால் என்று வரிசை கட்டி நின்றன.

“அக்கா! உங்க ஓடு ஐந்துக்கு ஐந்தாமே! சிங்காரமே சொல்லிடுச்சு! மாத்திக்கலாமா?”

கோலப்பனும் வரிசையில் நின்றதைத்தான் செம்பியால் தாங்க முடியவில்லை. உள்ளே போய்க் கொடுக்கை வாசலில் வைத்து அடைத்துக்கொண்டது.

ஒரு பொருளுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், அந்த மதிப்பெண்ணால் யாருடைய வயிறு நிறைகிறது என்று கேட்க வேண்டும்.