அணைக்காத கை

மணற்குடி சிவன்கோயில் முன்மண்டபத்தில் அன்று மாலை இருந்தவர்கள்: நிவாரண அரிசி மூட்டைகளில் சாய்ந்தபடி தருமகர்த்தா பக்கிரிசாமி, நந்திக்கு அருகே சபேச குருக்கள், தூண்களின் ஓரமாக, புயலில் வீடிழந்து கோயிலில் தங்கியிருந்த ஊரார். நடுவில், மூடிய தூக்குவாளியுடன் நின்றவர் மாசிலாமணியார். அவரை உட்காரச் சொன்னவர் எவருமில்லை.

திரி திரித்து, எண்ணெய் வார்த்து, திருவிளக்கு ஏற்றுவதே அவர் தொழில். கூலி, மடைப்பள்ளியில் தினம் அளந்து தரும் ஒரு பட்டைச் சோறு. தம் குடிசையைப் புயல் கொண்டுபோன மறுநாளும் ஈரத் திரியைப் பிழிந்து உலர்த்தி விளக்கேற்றினார். ஆயினும் நிவாரண வரிசையில் அவர் நின்றதேயில்லை. சாயங்காலமானால் தூக்குவாளியோடு பின்வாசல் வழியே போவார். அதுதான் கண்ணை உறுத்தியது. ஒரு பட்டை ஒரு வேளைக்குத்தான் காணும்; வரிசையில் நிற்காதவர் மறுவேளைக்கு எதைத் தின்கிறார்? பார்க்கப் பார்க்க மூட்டைகளும் இளைத்ததுபோலத் தோன்றின.

"வாளியில என்னய்யா?" என்று கேட்டார் தருமகர்த்தா.

"சாமி குடுத்ததுங்க."

"சாமி குடுத்துச்சா, சாக்கு குடுத்துச்சா?" என்று தூணோரத்தில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

தருமகர்த்தா சிரிக்கவில்லை. "கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க. இல்லேன்னா நாளைலேருந்து விளக்குக்கு வேற ஆளு."

குருக்கள் தட்டில் கற்பூரம் ஏற்றினார். அந்தப் பணியே உயிராக இருந்த மாசிலாமணியார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏத்துற கைங்க இது, அணைக்க வராது. வேலைய வேணா எடுத்துக்குங்க."

"பாத்தீங்களா, நழுவுறாரு!"

அப்போது நாற்புறமும் திறந்த மண்டபத்தில் கடற்காற்று புகுந்தது. விளக்குகள் எல்லாம் அணைந்தன. கற்பூரம் மட்டும் அசையாமல் எரிந்தது.

"அதுல என்னத்தக் கலந்தாரோ!" என்றது தூணோரக் குரல்.

"கற்பூரம் என் மடியிலேருந்து எடுத்தது" என்றார் குருக்கள்.

வாசலில் இடுப்புவரை நனைந்து ஒரு பெண் நின்றாள். உப்பளத்து அஞ்சம்மா. பாலம் உடைந்ததால் நிவாரண லாரி போகாத குடியிருப்பு அது.

"விளக்கு ஐயா இருக்காங்களா? தெனம் அவுங்க சோத்தத்தான் எங்க புள்ளைங்களுக்குக் கொண்டாருவாங்க. இன்னிக்குக் காணலியே, மேலுக்கு முடியலியோன்னு வந்தேன்."

தருமகர்த்தா எழுந்துவிட்டார். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா, சாமி குடுத்தது எம் பேருல போயிடுமுங்களே."

"அப்ப நீங்க எதத் தின்னீங்க?"

"அடியில ஒட்டுனது எனக்குப் போதுமுங்க."

குருக்கள் தட்டை அவரிடம் நீட்டினார். "சாமியே இத அணைய விடல. இதுலேருந்தே ஏத்தும்."

மாசிலாமணியார் விளக்குகளை ஏற்றினார். ஊரார் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு அஞ்சம்மாவுடன் நடந்தனர். தம் பசியை மறைத்துப் பிறர் பசி தீர்த்தவரை ஈசன் முன்பே அறிந்திருந்தான்; ஊருக்குத்தான் நேரமாயிற்று. உப்பளத்துக்குப் படகு வேண்டித் தாசில்தாருக்கு எழுதிய தருமகர்த்தா, உறையை ஒட்டி, சைக்கிளில் ஆள் அனுப்பினார்.