சிவப்புக் கீற்று

"அந்தச் சிவப்புக் கீற்று என்னுது மேடம்!"

தணிகைநாதன் கத்தியே விட்டார். சாலிகிராமத்தில் கல்யாண ஃபோட்டோ எடுத்தே இருபது வருஷம் ஓட்டிய மனுஷன். மூன்று வருஷமாகத் தன்னைவிடப் பத்து வயது சின்னவரான எஸ்தரிடம் சிஷ்யர். கனவில் வருகிற மாதிரி ஆட்களைப் படம் எடுக்க, அதுவும் பழைய கலர் சினிமா சாயலில் எடுக்க, எஸ்தரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மேஜைமேல் தீபாவளி மலர். அட்டையில் முழங்கால் ஆழக் கடல், அதில் ஒரு சலூன் நாற்காலி, நாற்காலியில் கோட்டுப் போட்ட பழைய வில்லன் நடிகர். மடியில் இட்லிக் குண்டான். குண்டானுக்குள்ளிருந்து நிலா எட்டிப் பார்க்கிறது. அவர் முகத்துக்குக் குறுக்கே, தீப்பிடித்த மாதிரி, ஒரு சிவப்புக் கீற்று.

படம்: வசுமதி.

எஸ்தரிடம் சிஷ்யையாக வந்து மூணே மாசம்! தணிகைக்கு வயிறு பற்றி எரிந்தது.

"கீற்று எப்படி சார் உங்களுது?" என்றார் எஸ்தர்.

தணிகை தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ கேமராவுல ஃபிலிம் இருக்கும்போதே பின்பக்க மூடியைத் திறந்துட்டேன். ஒரு நொடிதான். வெளிச்சம் பட்டு எல்லாம் நாசமாப் போகட்டும்னு."

"ஏன்?"

"பொறாமை மேடம், வேறென்ன? நாயா உழைக்கிறேன், எனக்கு ஒரு அட்டை உண்டா? ரோல் பூரா பாழாச்சு, இது ஒண்ணு மட்டும் இப்படி வந்து தொலைச்சிருக்கு. ஊரே அந்தக் கீற்றைத்தான் கொண்டாடுது. நான் போட்டது! பேரு அவளுக்கு!"

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"வசுமதிகிட்ட இதை நீங்களே சொல்லணும்."

"சொல்றேன்."

"சரி. பொங்கல் மலர் அட்டை உங்களுக்குத்தான்."

தணிகைக்குக் காதை நம்ப முடியவில்லை.

"நேத்து நீங்க எடுத்த ரோல் எங்கே?"

"இதோ, கேமராவிலேயே இருக்கு. முப்பத்தாறு படமும் அப்பழுக்கில்லாம வந்திருக்கும் மேடம்!"

"மூடியைத் திறங்க."

"மேடம்?"

"ஒரு நொடிதான்."

தணிகையின் கட்டைவிரல் மூடியின் கொக்கிவரை போனது. அங்கேயே நின்றது. சட்டென்று கேமராவை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம் மேடம். இது என் படமாச்சே!"