பட்டு முன்னே, சாக்கு பின்னே

அந்த அரசனின் பெயர் எனக்கு நினைவில்லை. நடந்தது தேர்த் திருநாளிலா, தெப்பத் திருநாளிலா என்பதிலும் குழப்பம்தான். முன்னொரு காலத்தில், வரவைவிடச் செலவு மிஞ்சிப்போன ஒரு நாட்டில் நடந்தது என்பது மட்டும் உறுதி.

கருவூலத்தின் தரை தெரியத் தொடங்கிய பிறகு அரசனுக்குச் சிக்கன ஆசை வந்தது. சபையைக் கூட்டினான்.

"செலவைக் குறையுங்கள். ஆனால் எம் கண்ணில் படும் எதிலும் ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. படாததை எல்லாம் வெட்டுங்கள்."

கருவூல அதிகாரி அரியநாயகம் எழுந்தார். விகடகவி அம்பலவாணனை அரசன் தோளில் தட்டிச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வெந்துபோயிருந்தவர் அவர். "பிரபு, இந்த நுட்பமான காரியத்துக்கு அம்பலவாணனைவிடத் தகுந்தவர் யார்?" என்றார். ஊர்ச் சாபமெல்லாம் அவன் தலையில் விழட்டும் என்பது அவர் எண்ணம்.

அம்பலவாணனுக்கு அது புரிந்தது. மறுத்தால், முதலில் உன் சம்பளத்தை நிறுத்தலாமா என்று பேச்சு வரும். "உத்தரவு" என்று சொல்லிவிட்டான்.

முதலில் வெட்டுப்பட்டது கிழக்கு வாசல் கஞ்சித்தொட்டி. கூலி கிடைக்காதவர்கள் கஞ்சி குடிக்கும் இடம். அரசன் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அம்பலவாணன் பூட்டுப் போடப் போனபோது, கஞ்சி காய்ச்சும் சிலம்பாயி அரிசிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சம்பளத்த நிறுத்தலையா சாமி?"

"இல்ல."

"எப்படி நிறுத்துவாங்க? நீங்க ராசாவுக்கு முன்னாடி நிக்கிறவரு. நாங்க முதுகுக்குப் பின்னாடி கெடக்குறவங்க."

வரிசையில் நின்றவர்கள் வெறும் சட்டியோடு கலைந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பான். பூட்டைப் போட்டுவிட்டுச் சிலம்பாயியிடம் திரும்பினான்.

"அந்தச் சாக்குல ரெண்டு குடு தாயி" என்றான்.

திருநாளன்று அரசன் வெறுங்காலோடு முன்னே நடக்க, குடிமக்கள் பின்னே நடப்பது அந்த நாட்டு வழக்கம். புது அங்கியை அம்பலவாணனே கொண்டுவந்து அணிவித்தான். சபையார் எதிரே தலைகுனிந்து நின்றார்கள். அரசனின் முதுகுப் பக்கம் போக அவர்களுக்கு உரிமை இல்லை.

"முதுகு அரிக்கிறதே அம்பலவாணா?"

"சிக்கனம் முதலில் அப்படித்தான் அரிக்கும், அரசே."

வீதியில் இறங்கியதும் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "அய்யய்யோ, ராசா கஞ்சித்தொட்டிச் சாக்கப் போட்டுக்கிட்டுப் போறாரு!" என்று ஒரு பெண் கத்தினாள். வீதியே சிரித்தது. அரசன் முதுகைத் தடவிப் பார்த்தான். விரலில் தவிடு ஒட்டியது.

"துரோகம்! இவன் தலையை வாங்குங்கள் பிரபு!" என்று அரியநாயகம் பாய்ந்து வந்தார்.

"அரசே, தங்கள் முதுகு தங்கள் கண்ணில் படாது. படாததை வெட்டச் சொன்னீர்கள். பின்பக்கத்துப் பட்டுத் துணியை வெட்டினேன். முன்பக்கம் ஒரு நூல் குறைந்திருந்தால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

அரசன் குனிந்து பார்த்தான். முன்பக்கம் குறையில்லை. பிறகு திரும்பினான். திருநாள் ஊர்வலத்தில் அதுவரை எந்த அரசனும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒட்டிய வயிறுகளும் வெறும் சட்டிகளும் அவனுக்கு எதிரே நின்றன. சிரிப்பு அடங்கியது.

"இத்தனை பேரா என் பின்னால் வருகிறார்கள்?"

அரசனின் காதுமடல்கள் சிவந்தன. தலை குனிந்தபடியே சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணனிடம் நீட்டினான்.

"மாலை வேண்டாம் அரசே. கஞ்சித்தொட்டியைத் திறக்க வேண்டும்."

"கருவூலம் காலியப்பா. வேறு எதை வெட்டுவது?"

"கண்ணில் படுவதிலிருந்து தொடங்கலாம். முதலில் என் சம்பளம்." சபையில் அன்றே சொல்லியிருக்க வேண்டியதைத் தரையைப் பார்த்துச் சொன்னான்.

கஞ்சித்தொட்டி மறுநாளே திறந்தது. அரசனுக்குக் குடை பிடித்தவர்களில் ஒருவன் போக மற்றவர்கள் ஏரிக்கரை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். அரியநாயகம் பதவியில் நீடித்தார். பல்லக்கு மட்டும் போய்விட்டது. அரசன் அடுத்த திருநாளிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால் நடந்தான். அம்பலவாணன் சம்பளமில்லாமல் விகடம் சொன்னான். சில நாட்கள் கிழக்கு வாசல் வரிசையில் சட்டியோடு நின்றான். சிலம்பாயி மற்றவர்களுக்கு ஊற்றிய அளவே அவனுக்கும் ஊற்றினாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் கடைசிவரை முடியவில்லை.