ஜனங்களின் பாதி வரி

வாரியக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ராப் சொல்லித் தரும் பாடகி யூனிஸிடம், "என் பிறந்தநாளுக்கு என்னைப் புகழ்ந்து பாடும்மா. இல்லேன்னா நீ கிளாஸ் எடுக்கிற ஹாலைப் பூட்டிடுவேன்" என்றார் கவுன்சிலர் தணிகாசலம். அவர் மூடி போடாமல் விட்ட சாக்கடைக் குழியில் அவளுடைய மாணவி ஜோஸ்னா விழுந்து செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

யூனிஸ் மறுக்கவில்லை. பிறந்தநாளன்று மேடையேறி, "இந்தத் தெரு மறக்கவே கூடாத பேரு யாரு பேரு?" என்று தாளத்தோடு கேட்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். யாரும் வாய் திறக்கவில்லை.

"நீயே சொல்லித் தொலையேன்" என்று பல்லைக் கடித்தார் தணிகாசலம்.

"ராப்புல பாதி வரி ஜனங்களோடது, தலைவரே. நான் கேக்கத்தான் முடியும்."

முன்வரிசையிலிருந்த ஜோஸ்னாவின் அம்மா எழுந்துவந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஜோஸ்னா" என்றாள்.

தெருவே திருப்பிச் சொன்னது. ஹால் போய்விட்டது என்று யூனிஸுக்குத் தெரியும். மைக்கை அவள் திருப்பி வாங்கவில்லை.